மார்த்தாவுக்குப் பிள்ளை இல்லை

1

போன மாதம் ஒரு சனிக்கிழமை மதியம். மும்பை மாட்டுங்காவில் முருங்கைக்காயும் சேப்பங்கிழங்கும் வாங்கிக்கொண்டு சேம்பூர் வீட்டுக்கு வந்து, சாவியைத் திருப்பி, செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மகளின் அறைக்குள் யாரோ ஒரு பெண் தமிழ் பேசிக்கொண்டிருந்தாள். சுத்தமான தமிழ், எங்கள் வீட்டில் யாரும் பேசாத தமிழ். அந்தக் குரலில் கோபம் இல்லை, சிரிப்பு இல்லை, மூச்சு வாங்கும் இடைவெளிகூட இல்லை.

"மார்த்தா இரும்புக் கதவின் கைப்பிடியைத் தொட்டாள். அது சுடவில்லை. அவள் தோளில் பை இல்லை. கையில் குடை இல்லை. அவளை அம்மா என்று கூப்பிட ஒருவரும் இல்லை. கதவு திறந்தது."

அந்த வாக்கியங்களை எழுதியவள் நான்.

அறைக் கதவு பாதி திறந்திருந்தது. ஜெனி தரையில் உட்கார்ந்து புனேவுக்குக் கொண்டுபோக வேண்டிய துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். போன் சுவரில் சாய்ந்து நின்றது. இணைய இதழில் வாராவாரம் வரும் என் தொடர்கதையைத் திறந்து ஏதோ ஒரு பொத்தானை அழுத்தியிருக்கிறாள், போன் வாசிக்கிறது. என் மகளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. பேசுவாள், கேட்டால் புரியும், திட்டுவதற்கு அவளுடைய அப்பாவின் திருநெல்வேலித் தமிழைத்தான் எடுப்பாள். ஆனால் 'அ'வுக்கும் 'ஆ'வுக்கும் வித்தியாசம் கேட்டால் விழிப்பாள். அதனால்தான் இத்தனை காலம் எதற்கும் பயப்படாமல் எழுதிக்கொண்டிருந்தேன்.

நான் அறைக்குள் போகவில்லை. முருங்கைக்காயை மார்போடு அணைத்துக்கொண்டு, சொந்த வீட்டின் நடையில், திருட வந்தவள் மாதிரி நின்றேன்.

2

நான் எழுதுவது என்ன மாதிரிக் கதை என்று ஊரில் இருக்கும் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது, மீதிப் பேர் மரியாதைக்குப் படித்ததாகச் சொல்கிறீர்கள். எளிமையாகச் சொன்னால், ஒரு கதவு இருக்கும், திறந்தால் வேறு உலகம். சிறுவர் கதைகளில் நிறைய உண்டு. பிள்ளை உள்ளே போகும், அரக்கனை வெல்லும், சோறு ஆறுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடும். அம்மாவுக்குத் தெரியவே தெரியாது.

பெரியவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. நாற்பதைத் தாண்டியவள் கதவைத் திறந்து போனால் இந்தப் பக்கம் எல்லாம் அப்படியே நடந்துகொண்டிருக்கும். பால்காரர் மணியடிப்பார். வீட்டுக் கடன் தவணைக்கு வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வரும். ஆபீஸில் அவளுடைய நாற்காலியை வேறு ஒருத்தி இழுத்துப் போட்டுக்கொள்வாள். அந்தப் பக்கம் அவள் ராணியாகவே இருந்தாலும் இந்தப் பக்கத்து ஊறப்போட்ட உளுந்து புளித்துப்போகும். இந்த உளுந்தைத்தான் நான் எழுத நினைத்தேன். பெரியவர்களுக்கான மாயக்கதை என்றால் என்னைப் பொறுத்தவரை இதுதான்.

என் மார்த்தா சுனாபட்டியில் குடியிருப்பவள். தினமும் குர்லா ஸ்டேஷன் மேம்பாலத்தில் இறங்கி ஏறி வண்டி மாறுபவள். படிக்கட்டுக்கு அடியில் எப்போதும் பூட்டிக் கிடக்கும் ஒரு இரும்புக் கதவு அவளுக்கு மட்டும் திறக்கிறது. அந்தப் பக்கம் ஒரு வெள்ளைச் சமவெளி, உப்பால் ஆனது. அலை வரும், கடல் இருக்காது. நிலா தாழ்ந்து வந்து கூரைகளில் உரசும், பிள்ளைகள் அதைத் துடைப்பத்தால் தள்ளிவிடுவார்கள். அங்கே யாரையும் உறவு சொல்லிக் கூப்பிடும் வழக்கமில்லை. அண்ணி இல்லை, மருமகள் இல்லை, மேடம் இல்லை. மார்த்தா என்றால் மார்த்தா. அவள் உப்புப் படகு ஓட்டக் கற்றுக்கொள்கிறாள். காற்று இல்லாத நாளில் பாட்டுப் பாடித்தான் அந்தப் படகை நகர்த்த முடியும்.

கதவுக்கு ஒரு சட்டம் உண்டு. யாரும் பற்றிக்கொண்டிராத கைக்கு மட்டும்தான் அது திறக்கும். மற்றவர் தொட்டால் கைப்பிடி சுடும்.

இந்தச் சட்டம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். முதலில் எழுதியபோது மார்த்தாவுக்கு ஒரு மகள் இருந்தாள். பள்ளிக்கூடப் பையை அம்மாவின் தோளில் மாட்டிவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு பாலத்தில் வருகிற மகள். வாரக்கணக்கில் மார்த்தா அந்தப் படிக்கட்டில் நின்றாள். கதவு பக்கத்தில்தான் இருந்தது, கதை ஓர் அடி நகரவில்லை. போவாளா மாட்டாளா என்று நானே அவளுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஆபீஸ் மதிய இடைவேளையில் அந்த மகளை வரி வரியாக அழித்தேன். அழித்து முடித்ததும் மார்த்தா கதவைத் தொட்டாள், கதவு திறந்தது, அந்த வாரத்திலேயே மூன்று அத்தியாயம் ஓடி வந்தது.

அன்று சாயங்காலம் ரயிலில் நான் சிரித்துக்கொண்டே வந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

3

மும்பை என்ன வெளிநாடா என்று நீங்கள் கேட்பீர்கள். பாஸ்போர்ட் இல்லாமல் வந்தேன், உண்மைதான். ஆனாலும் தாதரில் ரயிலை விட்டு இறங்கியபோது என்னிடம் இருந்த மொழியில் ஒரு டீ வாங்க முடியவில்லை. வெளிநாடு என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

தூத்துக்குடியில் நான் பிறந்த வீட்டில் கதவைச் சாத்தும் பழக்கம் இல்லை. குளிக்கப் போனால் மட்டும் சாத்தலாம், அதுவும் சீக்கிரம் திறக்க வேண்டும். வேறு எதற்காவது சாத்தினால் அம்மா வெளியே நின்று, "உள்ள என்னட்டி செய்யுத?" என்பாள். ஒன்றும் செய்யவில்லை என்பதுதான் உண்மை. ஒன்றும் செய்யாமல் இருக்கத்தான் சாத்தினேன் என்று அந்த வீட்டில் சொல்ல முடியாது. கல்யாணம் ஆகி தாராவிக்கு வந்தேன். ஒரே அறை, மேலே பலகைத் தட்டு, ஏணி. கதவு இருந்தது, ஆனால் பகலில் அதைச் சாத்தினால் பக்கத்து வீட்டுக்காரிக்கு ஜுரமா என்று விசாரிக்கத் தோன்றும். அப்புறம் செல்வின், என் வீட்டுக்காரர், குர்லாவில் லேத் பட்டறையில் கொஞ்சம் காலூன்றியதும் சேம்பூர். இங்கே இரண்டு அறைகள், இரண்டுக்கும் கதவு. ஒன்றில் நாங்கள், ஒன்றில் மகள்.

எனக்கென்று சாத்திக்கொள்ள மிஞ்சியது தமிழ் எழுத்து ஒன்றுதான்.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. மும்பைத் தமிழ் வீடுகளில் பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாத சங்கதியை வாயால் சொல்ல மாட்டார்கள். இந்தி பிள்ளைகளுக்குத் தெரியும், மராத்தி தெரியும், ஆங்கிலம் நம்மைவிட நன்றாகத் தெரியும், பேச்சுத் தமிழும் காதில் விழுந்துவிடும். அதனால் எழுதிக் காட்டுவோம். பிறந்தநாளுக்கு என்ன வாங்குவது, யார் வீட்டில் வரன் பேசினார்கள், எந்தச் சித்தப்பாவுக்கு டாக்டர் என்ன சொன்னார், எல்லாம் தமிழில் எழுதி வீட்டுக்காரருக்கு அனுப்புவோம், பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்து எட்டிப் பார்த்தாலும் கவலை இல்லை. பூட்டே தேவையில்லாத அலமாரி. ஜெனிக்கு எழுத்துச் சொல்லித்தர ஞாயிறு பள்ளியில் ஓர் அக்கா முயன்றார், நானும் கொஞ்ச நாள் முயன்றேன். நேரமில்லை என்று விட்டுவிட்டேன். நேரமில்லாதது நிஜம். அந்த அலமாரி அப்படியே இருக்கட்டும் என்று உள்ளுக்குள் ஒருத்தி நினைத்ததும் நிஜம்.

அந்த அலமாரி ஒரு பொத்தானில் திறந்துவிடும் என்று அந்த ஒருத்திக்கு யார் சொல்வது?

4

கதையில் ஏதோ சரியில்லை என்று முதலில் பிடித்தது பாத்திமா. தாராவி நாள்களிலிருந்து என் சிநேகிதி, காயல்பட்டினம் பக்கத்துக்காரி, கணவரோடு சேர்ந்து தோல்பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறாள். தொடரின் ஒவ்வொரு அத்தியாயத்தையும் முதல் ஆளாகப் படித்துவிட்டு, பின்னணியில் தையல் மெஷின் கடகடக்கப் போன் செய்வாள்.

"அக்கா, ஒரு சந்தேகம். கதவுக்குள்ள போனாளே, கேஸ மூடிட்டுப் போனாளா?"

"ஆபீஸ் போற வழியில போறா பாத்திமா. வீட்லேர்ந்து இல்ல."

"ஆபீஸ் போனாலும் மூடணுமே. சரி விடுங்க. இன்னொண்ணு. கல்யாணமாயி பதினாலு வருஷம்னு எழுதியிருக்கீங்க. புள்ள இல்ல. மாமியா கூடவே இருக்கா. ஒரு வார்த்த கேக்கல! ஒரு குத்தல் இல்ல, ஒரு நேர்ச்ச இல்ல, ஒரு டாக்டர் இல்ல. உப்பு நாட்ட நான் நம்புறேன்க்கா. நிலாவ தொடப்பத்தால தள்ளுறத நம்புறேன். அந்த மாமியாவத்தான் நம்ப முடியல."

சிரித்தேன். சமாளித்தேன். அவள் விடவில்லை.

"அந்த வீட்ல ஒரு புள்ள இருந்துச்சுக்கா. நீங்க எங்கயோ ஒளிச்சு வச்சிருக்கீங்க."

அது நடந்தது, நடையில் நின்று அந்தக் குரலைக் கேட்பதற்கு ஒரு மாதம் முன்னால். அப்போது அதை நல்ல வேடிக்கையாக எடுத்துக்கொண்டேன்.

5

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு ஜெனி எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சாப்பிட்டாயா, துணி காய்ந்ததா, புனே அறையில் மின்விசிறி உண்டா, இப்படியே நாள்கள் போயின. அவள் சிரிக்கும்போதெல்லாம், எந்த அத்தியாயம் வரை கேட்டிருப்பாள் என்று மனசுக்குள் பக்கம் புரட்டினேன்.

புனே வேலைக்கு அவளுக்கு டொமிசைல் சான்றிதழ் வேண்டியிருந்தது. இந்த மாநிலத்துக்காரி என்று அரசாங்கம் தரும் காகிதம். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, கனவுகூட இந்தியில் காண்கிறவளுக்கு அதில் என்ன சிக்கல் என்று தாலுகா ஆபீஸுக்குப் போனால், சிக்கல் நான்தான். அவளுடைய பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் 'ஜெபா செல்வின்'. என் ஆதாரில் 'ஜெபராணி', முன்னால் என் அப்பாவின் பெயருக்கான ஒரே எழுத்து. குடும்பப் பெயர் எங்கே என்று கேட்கிறார்கள். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, ஓர் எழுத்துதான் உண்டு என்பதை இந்த ஊருக்கு நான் விளக்கி முடித்த பாடில்லை. ஆகவே இந்தப் பெண் என் மகள்தான் என்று நானே சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுக்க வேண்டும். வாசலில் குடைக்கடியில் உட்கார்ந்திருந்தவர் அதைத் தட்டச்சு செய்து தந்தார்.

கவுண்டரில் ஒரு பெண்மணி. நல்ல முகம். காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஜெனியைப் பார்த்தார். மராத்தியில் என்னவோ நீளமாகக் கேட்டார். எனக்குக் கடைசிப் பகுதி மட்டும் பிடிபட்டது. இந்தப் பெண் உங்களுடையவள்தானே?

எனக்கு வாய் வரவில்லை. மராத்தி எனக்கு எப்போதும் தாமதமாகத்தான் வரும், ஆனால் அன்று நின்றது மொழியால் அல்ல.

ஜெனி அந்தப் பெண்மணியைப் பார்த்துச் சிரித்த முகத்தை மாற்றாமல், என்னிடம் தமிழில் சொன்னாள்:

"சொல்லும்மா. கதையில இல்லன்னு எழுதியாச்சு. இங்கயாவது ஆமான்னு சொல்லு. எனக்கு சர்டிபிகேட் வேணும்."

"ஹோ," என்றேன். "மாஜீச். மாஜீச் முல்கி. மாஜீச்." என் பெண்தான், என் பெண்தான் என்று அந்தக் கண்ணாடித் தடுப்பு அதிரும்படி சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்தப் பெண்மணி சிரித்துவிட்டார். ஒரு தடவை சொன்னால் போதும், என்றார்.

6

வெளியே கரும்புச்சாறு வண்டிக்காரரிடம் இரண்டு கிளாஸ் சொல்லிவிட்டு நின்றோம். சக்கரம் மணி கட்டிக்கொண்டு சுற்றியது.

"எப்போலேர்ந்து கேக்குற?" என்றேன்.

"மொதல் சாப்டர்லேர்ந்து. டிரெயின்ல கேப்பேன். நல்லாதான்மா எழுதுற. அந்த உப்புப் படகு பாட்டுக்கு நகருதுல்ல, அந்த சீன்ல நான் குர்லாவுல எறங்க மறந்து வடாலா போயிட்டேன். காலேஜ்ல அட்டெண்டன்ஸ் போச்சு."

எனக்கு இதுவரை யாரும் இப்படி ஒரு பாராட்டு சொன்னதில்லை. உங்கள் கடிதங்களில் ஒன்றுகூட யாரையும் வடாலாவுக்குக் கொண்டுபோகவில்லை. மனசு ஒரு கணம் துள்ளியது. துள்ளியதற்காக உடனே கூசியது. பிள்ளை அடிபட்டு நிற்கிறாள், இந்த அம்மாக்காரி கைதட்டலுக்குக் காது கொடுக்கிறாள்.

"எல்லாரும் இருக்காங்கம்மா. அப்பா இருக்காரு, பேரு மட்டும் வேற. லிஃப்ட் ரிப்பேர் இருக்கு. மேல் வீட்டு அங்கிள் செருப்பு சத்தம் இருக்கு. என் டேபிள் இருக்கு, கார்ட்டூன் ஸ்டிக்கர் ஒட்டுன டேபிள். அது மேல வச்சு மார்த்தா தேங்காய் துருவுறா. ஸ்டிக்கர் யாரு ஒட்டுனா? புள்ளையே இல்லாத வீட்ல?" அவள் கிளாஸை வாங்கினாள், குடிக்கவில்லை. "மத்லப், அப்படின்னா நான் டெலீட்டா?"

"அப்படி இல்ல ஜெனி. அந்தக் கதவுக்கு ஒரு சட்டம் இருக்குல்ல. யாராவது கையப் புடிச்சிருந்தா திறக்காது. உன்ன வச்சுக்கிட்டு எழுதிப் பாத்தேன். போக முடியல."

"அந்த சட்டத்த யாரு போட்டா?"

நான் சாற்றைக் குடித்தேன். இஞ்சி அதிகம் போட்டிருந்தார்.

"நீதான போட்ட?" என்றாள். "கவர்மெண்டா போட்டுச்சு?"

7

கடைசி அத்தியாயம் பாக்கி இருந்தது. இதழ் ஆசிரியர் சென்னையிலிருந்து நினைவூட்டிக்கொண்டிருந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? மன்னிப்பை அத்தியாயமாக எழுதினேன். உப்புச் சமவெளியில் படகு ஓட்டிக்கொண்டிருக்கும் மார்த்தாவுக்கு, காற்றில் ஒரு சிறுமியின் குரல் கேட்கிறது. அவளுக்கு ஒரு மகள் இருந்ததும், கதவு அதை மறக்கடித்திருந்ததும் ஞாபகம் வருகிறது. படகைக் கவிழ்த்துவிட்டு ஓடி வருகிறாள். குர்லா பாலத்தில் பிள்ளையை அள்ளிக்கொள்கிறாள். கதவு துருப்பிடித்து உதிர்கிறது. எழுதும்போது அழுதேன். அழுகை வந்தால் எழுத்து நன்றாக இருக்கிறது என்று நம்புகிற வயதை நான் இன்னும் தாண்டவில்லை.

செல்வினிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நல்லாத்தாம்ட்டி இருக்கு. ஊர் சுத்திட்டு வீட்டுக்கு வந்துட்டால்லா. அவ மாப்பிள்ளைக்கு எதுவும் ஆவலியே?"

"ஒண்ணும் ஆவல."

"பின்ன என்ன. அனுப்பிரு."

ஜெனி புனேவுக்குக் கிளம்ப இரண்டு நாள் இருந்தது. பகல். அவளுடைய கட்டில் முழுக்கத் துணி. கூடத்தில் செல்வின் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய், "கடைசி அத்தியாயம், நானே வாசிக்கிறேன், கேளு" என்றேன். அவள் சாக்ஸை உருட்டிக்கொண்டே கேட்டாள். நான் குரல் உடைந்து உடைந்து வாசித்தேன். சிறுமியை அள்ளிக்கொள்ளும் இடத்தில் நிறுத்தி அவளைப் பார்த்தேன், எதற்காகப் பார்த்தேன் என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"வேணாம்மா," என்றாள்.

"என்ன வேணாம்?"

"அந்தப் பொண்ணு. அவள கதையிலேர்ந்து தூக்கிரு. நான் கூப்ட்டேன்னு மார்த்தா படகையெல்லாம் கவுத்துட்டு வந்தா, அப்புறம் ஆயுசு முழுக்க தேங்காய் துருவும்போது என்னப் பாத்து மூச்சு விடுவா. நான் என்ன பண்ணுவேன், அந்த மூச்ச வச்சுக்கிட்டு?"

"நீ இல்லன்னுதானடி கோவப்பட்ட?"

"கோவம் இருக்கு. அதுக்காக என்ன பிரேக் மாதிரி போடாத." இன்னொரு ஜோடி சாக்ஸ். "ஒண்ணு கேக்கட்டா? கதைய விடு. நெஜமாவே போணும்னு தோணியிருக்கா? அப்பாவ, என்ன, எல்லாத்தையும் விட்டுட்டு?"

கூடத்தில் யாரோ அவுட் ஆன சத்தம். அது கதைடி, கற்பனை, என்று சொல்ல எல்லா வசதியும் இருந்தது. உங்களிடம் எத்தனை தடவை அப்படிச் சொல்லியிருக்கிறேன். சபையில் யாராவது, "சிஸ்டர், மார்த்தா நீங்கதானே?" என்று கண்ணடித்தால் அப்படித்தான் சொல்வேன்.

"தோணும்," என்றேன். "சில நாள் ரொம்ப தோணும். உங்க மேல பாசம் இல்லாம இல்ல. பாசம் இருக்கும்போதே தோணும்."

அவள் தலையை நிமிர்த்தவில்லை. நான் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன்.

"எனக்கு வேல ஆர்டர் வந்த அன்னிக்கு நீ கிச்சன்ல அழுதல்ல?" என்றாள். "நான் அப்போ பாத்ரூம்ல டான்ஸ் ஆடிட்டு இருந்தேன். தண்ணிய தொறந்து விட்டுட்டு, சத்தம் கேக்கக் கூடாதுன்னு. வெளிய வந்து உன் மூஞ்சியப் பாத்தேன். அதுலேர்ந்து ஒரு மாதிரி இருக்கும்மா. இவங்கள விட்டுப் போறதுக்கு இவ்ளோ குஷியாடான்னு. அதான் மார்த்தாவ ரிப்பீட்ல போட்டுக் கேட்டேன். அவ எப்படி இவ்ளோ ஈஸியா போறா, அவளுக்கு ஏன் ஒண்ணுமே தோணலன்னு பாக்க. கடைசிலதான் புரிஞ்சுது. அவளுக்கு ஈஸி. அவ வீட்ல நான் இல்லல்ல."

நான் அவளைப் பிடித்துக்கொள்ளவில்லை. ஒரு சட்டையை எடுத்து மடித்தேன். அவள் அதைப் பிடுங்கி, "ஐயோ, இப்படி மடிச்சா பெட்டில இடம் பத்தாது," என்று மறுபடி மடித்தாள்.

8

அத்தியாயத்தைத் திரும்ப எழுதினேன். மார்த்தாவை முதல் நாளுக்கே கொண்டுபோய், அந்தப் படிக்கட்டில் நிறுத்தினேன். மகள் பக்கத்தில் நிற்கிறாள், சிறுமியாக அல்ல, வளர்ந்த பெண்ணாக, காதில் இயர்போனோடு. கைப்பிடி சுடுகிறது. மார்த்தா கையை எடுக்கவில்லை. கதவு திறக்கிறது, வழக்கமான சத்தத்தோடு, மாயம் எதுவும் இல்லாமல். உள்ளங்கையில் தழும்போடு அவள் உப்பு நாட்டுக்குப் போகிறாள். அங்கே படகு ஓட்டும்போது பாய்க்கயிறு அந்தத் தழும்பில் படுகிறது. சந்தோஷமாக இருக்கும்போதும் வலிக்கிறது. அவ்வளவுதான். திரும்பி வருகிறாளா என்று எழுதவில்லை.

ஆசிரியர் போன் செய்தார். மரியாதையான இளைஞர். "மேடம், முதல் அத்தியாயத்துல வேற சட்டம் சொன்னீங்களே. வாசகர்கள் கேப்பாங்க."

"கேக்கட்டும் தம்பி. நான் போட்ட சட்டம்தான். தப்பாப் போட்டுட்டேன்."

பாத்திமா படித்துவிட்டு அன்று முழுக்கப் போன் செய்யவில்லை. மறுநாள் செய்தாள். மெஷின் ஓடவில்லை.

"அக்கா, அந்தக் கை புண்ணுக்கு அவ மருந்து ஏதாச்சும் போட்டாளா?"

"இல்ல."

"நானா இருந்தாலும் போட மாட்டேன்," என்றாள். மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

9

புனே பஸ் மைத்ரி பார்க்கில் நிற்கும். காலை வெயில் ஏறுவதற்குள் போய்விட்டோம். செல்வின் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார், சக்கரம் வைத்த பெட்டிக்குக் கயிறு எதற்கு என்று ஜெனி ஆட்டோவில் வரும் வழியெல்லாம் சண்டை போட்டாள்.

"புனே என்ன லண்டனா, காட்டோட போற ரோடு," என்றார் அவர். "பெட்டி வாய் தொறந்துட்டுன்னா ஒன் சட்டைய கொரங்குல்லா போட்டுட்டுத் திரியும். பாத்துக்க."

"அப்பா, எத்தன தடவ ஜோக் அடிச்சாலும் அழத்தான் போறீங்க," என்றாள். அவர் அழுதார். மூக்குக் கண்ணாடியைத் துடைப்பது மாதிரி அழுதார். பஸ் வந்தது. அவள் என்னைக் கட்டிக்கொண்டாள், இறுக்கமாக, சட்டென்று விட்டாள். ஏறி உட்கார்ந்து கண்ணாடி வழியாகக் கையாட்டினாள். பஸ் திரும்பும்போது அவள் முகத்தில் வந்த சிரிப்பை நான் பார்த்தேன். எங்களுக்காகப் போட்ட சிரிப்பு முடிந்து, அடுத்து தானாக வந்த சிரிப்பு. பார்த்ததை செல்வினிடம் சொல்லவில்லை.

அவர் பட்டறைக்குப் போய்விட்டார். நான் ஆபீஸுக்கு விடுப்புச் சொல்லியிருந்தேன், அழுவதற்கென்று. வீட்டுக்கு வந்து கஞ்சி வைத்தேன். அவளுடைய அறையில் உட்கார்ந்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். ஒரு வரி வந்தது. அதை எழுதி வைக்கலாம் என்று எழுந்தேன். அதற்குப் பிறகு வேறொரு கதை, மார்த்தா இல்லாத கதை, யாரோ கதவுக்கு அந்தப் பக்கம் பல காலமாக நின்றுகொண்டிருந்து இப்போதுதான் தட்டிய மாதிரி வந்தது. எழுதினேன். கஞ்சி ஆறியது. யாரும் கூப்பிடவில்லை. வெளிச்சம் சுவரில் இடம் மாறியதைப் பார்க்கவில்லை. இந்த வீட்டில் நான் அப்படி எழுதியதே இல்லை. நன்றாக வந்தது, சொல்லப் பயப்படுகிற அளவுக்கு நன்றாக.

நிமிர்ந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. போன் சமையலறையில் கிடந்தது. ஜெனியிடமிருந்து தவறிய அழைப்புகள், ஒன்றன்பின் ஒன்றாக. போய்ச் சேர்ந்ததும் கூப்பிடு, உடனே எடுப்பேன் என்று நான்தான் பஸ்ஸடியில் சொல்லியிருந்தேன்.

உடனே திரும்பக் கூப்பிட்டேன்.

"என்னம்மா, எங்க போயிட்ட? அப்பா சொன்னாரு, தூங்கிட்டு இருப்பன்னு."

தூங்கிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவளே எடுத்துக் கொடுத்தாள்.

"தூங்கல," என்றேன். "எழுதிட்டு இருந்தேன்."

அந்தப் பக்கம் ஏதோ ஒரு மின்விசிறியின் சத்தம் கேட்டது.

"நல்லா வந்துச்சா?" என்றாள்.

"ரொம்ப நல்லா வந்துச்சு."

"ம்." அவள் ஜன்னலைத் திறக்கும் சத்தம் கேட்டது. "எனக்கும் இங்க நல்லா இருக்கும்மா. ரூம் சின்னதுதான். ஆனா ரொம்ப நல்லா இருக்கு."

"அப்படியா," என்றேன்.

"ஆமா."

இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. போனைக் காதில் வைத்தபடியே நான் ஆறிப்போன கஞ்சியை அடுப்பில் ஏற்றினேன்.